தொண்டருக்கு வராத பொதி

ஊர்விட்டு ஊர் செல்பவருக்கு உணவு கட்டிக் கொடுத்தனுப்புவது நம் மரபு. கட்டுச்சோறு, பொதிசோறு, வழிச்சோறு என்று அதற்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் தளர்ந்த திருநாவுக்கரசருக்கு இறைவனே வந்து பொதிசோறு அளித்தான் என்கிறது பெரியபுராணம். மணமாகிச் சென்ற மகளுக்கு ஆடிக்கும் தீபாவளிக்கும் பிறந்தவீட்டார் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சீர் என்று பெயர். ஆனால் கடல்கடந்து சென்றுவிட்ட ஒருவருக்கு, அவர் போய்ப் பல மாதங்கள் கழிந்தபின், வீட்டார் பெட்டியில் அடைத்துத் தபாலில் அனுப்பும் பொருளுக்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. 'பார்சல்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். இக்கட்டுரையில் அதனைப் பொதி என்றே குறிப்போம்.

ஆங்கிலத்தில் இதற்குக் 'கேர் பேக்கேஜ்' என்று பெயர். 'கேர்' என்றால் அக்கறை. ஆகவே அக்கறையோடு அனுப்பப்படும் பொதி என்று நாம் எளிதாகப் பொருள்கொண்டுவிடலாம். சொல்லின் வரலாறு அவ்வளவு எளிதன்று. இரண்டாம் உலகப்போர் ஓய்ந்த 1945-ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், ஐரோப்பாவில் பசியால் வாடிய மக்களுக்கு உணவு அனுப்புவதற்காக அமெரிக்காவின் 22 அமைப்புகள் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கின. அந்நிறுவனத்தின் நீண்ட பெயரிலிருந்த சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தபோது கிடைத்ததே 'கேர்'. 10 டாலர் செலுத்தினால் ஐரோப்பாவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி போய்ச் சேரும். தொடக்கத்தில் அனுப்பப்பட்டவை இதற்கெனக் கட்டப்பட்ட பெட்டிகள் அல்ல. 10 படைவீரர்களுக்கு ஒருநாள் உணவு என்ற கணக்கில் ராணுவத்துக்காகத் தயாரிக்கப்பட்டு, போர் முடிந்துவிட்டதால் கிடங்கில் தேங்கிக் கிடந்தவை. அவற்றுள் முதல் தொகுதி 1946 மே மாதத்தில் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் இறங்கியது.

'கேர்' என்ற சொல்லைத் தமிழ்நாடும் அறியும். சென்னை மாகாணப் பள்ளிகளின் மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் அந்நிறுவனத்தின் உதவி கிடைத்தது. அக்காலத்தில் படித்தவர்களைக் கேட்டால் பால் பவுடரையும் மஞ்சள் நிறச் சோளமாவையும் இன்றும் நினைவுகூர்வார்கள். முன்பின் அறியாதவருக்குச் சென்ற உணவின் பெயர் அது.

பின்னாளில் அச்சொல் தன் திசையை மாற்றிக்கொண்டது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்குத் தாய் அனுப்பும் தின்பண்டப் பெட்டியும், அயல்நாட்டில் பணிபுரியும் படைவீரருக்குக் குடும்பத்தார் அனுப்பும் பெட்டியும் 'கேர் பேக்கேஜ்' எனப்பட்டன. அந்நியருக்கு அளித்த கொடையின் பெயர் சொந்தப் பிள்ளைக்கு அனுப்பும் பண்டத்தின் பெயராயிற்று. இவ்விரு பொருளும் ஒரே ஆளிடத்தில் வந்து கூடுவதும் உண்டு. ஊதியம் கருதாது, முன்பின் அறியாத மக்களுக்கு உதவவென்று அயல்நாடு செல்லும் தொண்டரே அவர். அவரே ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு அனுப்பிய பொதி. அவருக்கும் வீட்டிலிருந்து ஒரு பொதி வரவேண்டும். கொடுக்கச் சென்றவர் வாங்கவும் வேண்டியிருக்கிறது என்ற இந்நிலையை வரலாறு எவ்வாறு எதிர்கொண்டது என்று பார்ப்பதே நம் நோக்கம்.

*

தொண்டர்கள் பெருந்திரளாக நாடுவிட்டு நாடு சென்ற நிகழ்வுகளுள் ஸ்பானிய உள்நாட்டுப் போர் முதன்மையானது. 1936 ஜூலையில் ஸ்பெயினின் குடியரசு அரசை எதிர்த்துப் படைத்தலைவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவ்வரசைக் காக்க 50-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 பேர் சென்று சர்வதேசப் படைப்பிரிவுகளில் சேர்ந்தனர். துறைமுகத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் மாணவரும் எழுத்தாளரும் அவர்களுள் இருந்தனர். பிரிட்டனும் பிரான்சும் தலையிடாமைக் கொள்கையை மேற்கொண்டதால், தொண்டர்களுக்குத் தம் அரசுகளின் துணை கிடையாது. அவர்களுக்கான பொதிகளைத் தொழிற்சங்கங்களும் ஆதரவுக் குழுக்களும் குடும்பத்தாரும்தான் கட்டி அனுப்பினர். அமெரிக்கத் தொண்டர்களுக்காக நியூயார்க்கில் லிங்கன் படைப்பிரிவின் நண்பர்கள் என்றே ஓர் அமைப்பு இயங்கியது.

போர்முனையின் பெயரை வெளியிடலாகாது என்பதால் முகவரியும் மறைபொருளாகவே இருந்தது. வீட்டார் தம் கடிதங்களை அல்பசெத்தே நகரத்தின் ஒரு சதுக்கத்துக்கு, ஓர் எண்ணைக் குறித்து அனுப்பவேண்டும். அங்கிருந்து அவை பிரித்தனுப்பப்படும். பிள்ளை எந்த ஊரில் எந்தக் குழியில் கிடக்கிறான் என்பது பொதி கட்டும் தாய்க்குத் தெரியாது. கட்டிய பொதிகளுள் பல வழியிலேயே மறைந்துபோயின என்பது அக்காலக் கடிதங்களில் திரும்பத் திரும்பக் காணும் குறை.

தொண்டர்கள் அதிகமாகக் கேட்டது சிகரெட். இதற்குப் புவியியல் சார்ந்த காரணம் ஒன்றுண்டு. ஸ்பெயினுக்குப் புகையிலை தந்த கேனரித் தீவுகள் தொடக்கத்திலேயே பிராங்கோவின் பக்கம் போய்விட்டன. சிகரெட் சுற்றும் மெல்லிய தாளைத் தயாரித்த அல்கோய் நகரமோ குடியரசின் பக்கம் இருந்தது. ஒரு தரப்பிடம் தாள் இருந்தது, புகையிலை இல்லை. மறுதரப்பிடம் புகையிலை இருந்தது, தாள் இல்லை. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த வேளைகளில் இருதரப்பு வீரரும் இடைவெளியில் சந்தித்துப் பண்டமாற்றுச் செய்துகொண்டதைப் பலர் பதிவுசெய்துள்ளனர். இத்தகைய சூழலில் நியூயார்க்கிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் ஒரு சிகரெட் பெட்டி எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அதனை ஒருவர் தமக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. பெயர் எழுதி வந்தாலும் பிரித்தபின் அது குழுவின் பொதுச்சொத்து.

இங்கு ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். அதே அகழியில் அதே குளிரில் கிடந்த ஸ்பானிய உழவர்வீட்டுப் பிள்ளைக்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டி எந்தப் பெட்டியும் வராது. அவனுக்கு அது தன் நாடு. தொண்டருக்கு வேறொரு நாடு இருக்கிறது. ஆக, வெளியிலிருந்து பொதி வரும் வாய்ப்புத்தான் தொண்டரையும் உள்ளூராரையும் வேறுபடுத்துகிறது. எவ்வளவுதான் ஒன்றாகக் கலந்தாலும் தொண்டருக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அக்கதவு மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவில் சான்று கிடைக்கிறது.

*

கனடா நாட்டு அறுவை மருத்துவரான நார்மன் பெத்யூன் ஸ்பெயினிலும் தொண்டாற்றியவர். 1936 இறுதியில் மாட்ரிட் நகரை அடைந்து, சேமித்த குருதியைப் போர்முனைக்கே கொண்டுசென்று செலுத்தும் நடமாடும் சேவையை நிறுவினார். 1937-இல் கனடா திரும்பி ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். அவ்வாண்டே சீனாமீது ஜப்பான் முழு அளவில் படையெடுத்தது. 1938 ஜனவரியில் அவர் வான்கூவரிலிருந்து கப்பலேறினார். மார்ச் இறுதியில் யெனானை அடைந்தார். கோடைக்காலத்தில் ஜப்பானியப் படைகளின் முதுகுப்புறமாக அமைந்த, வடசீனத்தின் மலைசூழ்ந்த எல்லைப்பகுதிக்குச் சென்றார். தம் வாழ்நாளின் கடைசி ஒன்றரை ஆண்டை அங்கேயே கழித்தார்.

அங்கே அவர் செய்த பணி பலரும் அறிந்தது. 1939 ஏப்ரலில் நடந்த ஒரு சண்டையின்போது 69 மணிநேரத்தில் 115 அறுவைச் சிகிச்சைகள் செய்தார். போர்முனைக்கு அருகிலிருந்த கோயில்களும் குடிசைகளும் அவருடைய அறுவைக் கூடங்கள். கருவிகளைக் கழுதைமேல் ஏற்றிச் செல்லத்தக்க சுமைப்பெட்டியைத் தாமே வடிவமைத்தார். 1938 ஆகஸ்டில் அவருக்கு மாதம் 100 யுவான் வழங்க மாவோ முன்வந்தபோது அதனை மறுத்துவிட்டார். அத்தொகையைக் காயமுற்ற வீரர்களுக்குச் சிகரெட் வாங்கும் தனிநிதியாக ஆக்கவேண்டினார். ஸ்பெயினின் அகழிகளைக் கண்டவர் என்பதால் சிகரெட்டின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அவருக்கு யார் என்ன அனுப்பினார்கள்? அமெரிக்காவிலும் கனடாவிலும் அவரை அனுப்பிவைத்த குழுக்கள் இருந்தன. ஹாங்காங்கில் சன் யாட் சென்னின் துணைவியார் சூங் சிங்லிங் 1938-இல் நிறுவிய சீனப் பாதுகாப்புச் சங்கம் மருந்துகளையும் நிதியையும் திரட்டிக் கொண்டிருந்தது. பாதைதான் இடர்ப்பட்டது. 1938 அக்டோபரில் கான்டன் நகரும் சில நாட்களில் வூஹானும் ஜப்பானியர் வசமாயின. ஹாங்காங்கிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் நேர்வழி அறுந்தது. சுற்றுவழியில் யெனான்வரை வருவனவும் அங்கிருந்து பகைவர் அரண்களைக் கடந்து, ஆட்களின் தோள்களிலும் கழுதைகளின் முதுகிலும் செல்லவேண்டும். ஒரு கடிதம் போய்ச்சேரப் பல மாதங்கள் ஆயின. பல கடிதங்கள் சேரவே இல்லை.

பெத்யூன் அறிக்கைமேல் அறிக்கை எழுதினார். மருந்துப் பட்டியல், கருவிப் பட்டியல், செலவுக் கணக்கு என எல்லாவற்றையும் தட்டச்சுப் பொறியில் அடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். பதில் இல்லை என்று சினந்தார். தாய்நாட்டுக் குழுவினர் தம்மை மறந்துவிட்டனரோ என்று மனங்கசந்தார். 1939 ஆகஸ்டில் கனடா நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் பின்னாளில் புகழ்பெற்றது. அதில் அவர் தம் ஆசைகளை ஒளிக்கவில்லை. காப்பியையும் வாட்டிய மாட்டிறைச்சியையும் ஆப்பிள் பணியாரத்தையும் ஐஸ்கிரீமையும் கனவு காண்பதாக எழுதுகிறார். உலகில் இன்னும் புத்தகங்கள் எழுதப்படுகின்றனவா, இசை இசைக்கப்படுகிறதா என்று கேட்கிறார். மென்மையான படுக்கையில் விரித்த வெள்ளைத் துணியின் தொடுவுணர்வு எப்படியிருக்கும் என்று கேட்கிறார்.

இக்கடிதத்தைப் படிக்கும்போது நமக்கு முதலில் தோன்றுவது வியப்பு. 100 யுவானை வேண்டாம் என்று தள்ளியவரா ஐஸ்கிரீமுக்கு ஏங்குகிறார்? சிறிது எண்ணிப் பார்த்தால் முரண்பாடு ஏதுமில்லை என்பது விளங்கும். பணம் அங்கிருந்த மக்களுடையது. அதை வாங்கினால் அவர்களைவிட மேலான வாழ்வு வாழவேண்டியிருக்கும். காப்பியும் புத்தகமும் வீட்டிலிருந்து வரவேண்டியவை. உள்ளூராரிடம் பெறாததை ஊராரிடம் எதிர்பார்த்தார். அது பேராசையன்று, தாம் யார் என்பதை மறந்துவிடாமல் இருப்பதற்கான பிடிமானம்.

அவர் ஏங்கியவற்றுள் ஐஸ்கிரீம் கிடைக்காததால் யாரும் சாகவில்லை. அறுவைக் கையுறை கிடைக்காதது வேறு கதை. 1939 இலையுதிர்காலத்தில் அவர் தாய்நாடு சென்று நிதியும் மருந்தும் திரட்டித் திரும்பத் திட்டமிட்டிருந்தார். அனுப்பாதவர்களிடம் நேரில் போய்க் கேட்பது என்ற முடிவு. ஜப்பானியரின் புதிய தாக்குதல் தொடங்கவே பயணத்தைத் தள்ளிவைத்தார். அக்டோபர் இறுதியில் கையுறையின்றி அறுவை செய்துகொண்டிருந்தபோது இடக்கை விரலில் வெட்டுப்பட்டது. சில நாட்களில் நச்சுத்தொற்றுடைய ஒரு நோயாளிக்குச் சிகிச்சை செய்கையில் அப்புண் சீழ்கொண்டது. குருதியில் நஞ்சு பரவியது. அதைத் தடுக்க அக்காலத்தில் வழக்கிற்கு வந்திருந்த சல்பா மருந்துகள் அங்கே இல்லை. 1939 நவம்பர் 12-ஆம் நாள் விடியற்காலையில் ஒரு மலைக்கிராமத்தில் இறந்தார். அகவை 49.

இறப்பதற்கு முன் படைத்தலைவர் நியே ரோங்சென்னுக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதம் ஒருவகையில் அவரே கட்டிய பொதி. மடிக்கட்டில்கள் யாருக்கு, காலணிகள் யாருக்கு, கருவிகள் யாருக்கு என்று பங்கிடுகிறார். பின்னர் மருந்துக் கணக்குக்கு வந்துவிடுகிறார். ஆண்டுக்கு 250 பவுண்டு கொயினாவும் 300 பவுண்டு இரும்புச்சத்து மருந்தும் வாங்கவேண்டும். பாவோடிங், தியான்ஜின் பக்கம் வாங்காதீர்கள், ஷாங்காயையும் ஹாங்காங்கையும் விட அங்கே விலை மிக அதிகம் என்று அறிவுறுத்துகிறார். சாகும் தறுவாயிலும் கொள்முதல் பற்றிக் கவலைப்பட்ட மனிதர்.

*

பெத்யூன் இறந்து ஆறு வாரங்கள் கழித்து, 1939 டிசம்பர் 21-இல் மாவோ அவரைப் பற்றி ஓர் இரங்கலுரை எழுதினார். தன்னலமற்ற தொண்டின் இலக்கணமாகப் பெத்யூனை நிறுவியது அவ்வுரை. பின்னாளில் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் சீனர் அனைவரும் இடையறாது படிக்கவேண்டிய மூன்று கட்டுரைகளுள் ஒன்றாக அது விதிக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் மனப்பாடம் செய்தனர். அவ்வுரையில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. பெத்யூனைத் தாம் ஒரேயொரு முறை சந்தித்ததாகவும், அதன்பின் அவர் பல கடிதங்கள் எழுதியதாகவும், வேலை மிகுதியால் தாம் ஒருமுறை மட்டுமே பதில் எழுதியதாகவும், அது அவருக்குக் கிடைத்ததா என்பதுகூடத் தெரியாது என்றும் மாவோ அதில் கூறுகிறார்.

இந்த ஒப்புதலை எழுதிய நேர்மையைப் பாராட்டலாம். ஆயினும் அது சொல்லும் செய்தி கடுமையானது. கனடாவிலிருந்தும் பதில் இல்லை; யெனானிலிருந்தும் ஒரே பதில். உயிரோடிருந்தபோது ஒரு மடலுக்குக் காத்திருந்தவருக்கு இறந்தபின் ஒரு நாடே மனப்பாடம் செய்யும் புகழுரை கிடைத்தது. எதுவும் தேவைப்படாதவராக அவரை நிறுவிய அப்புகழுரைக்கும், காப்பிக்கும் புத்தகத்துக்கும் ஏங்கிய அவருடைய சொந்தக் கடிதத்துக்கும் இடையிலுள்ள தொலைவே தொண்டின் வரலாற்றில் நாம் கண்டுகொள்ளாத பகுதி. முன்கோபியாகவும் தற்பெருமை மிக்கவராகவும் உடன்பணியாற்றியோர் நினைவுகூரும் ஒரு மனிதரை, ஆசையே அற்ற முனிவராக்கிவிட்டால் ஒரு வசதியுண்டு. முனிவருக்குப் பொதி கட்டி அனுப்பவேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

*

பெத்யூனின் இடத்தை நிரப்பியவர் இந்தியர் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. சீனப் படைத்தலைவர் சூ தே 1937 இறுதியில் ஜவஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதி மருத்துவ உதவி கேட்டிருந்தார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். ஏறத்தாழ 22,000 ரூபாய் திரண்டது. 1938 செப்டம்பர் 1-ஆம் நாள் ஐந்து மருத்துவர்கள் பம்பாயிலிருந்து புறப்பட்டனர். அடால், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி என்பன அவர்கள் பெயர்கள். தலைவரான அடால், பெத்யூனைப் போலவே ஸ்பெயினில் பணியாற்றியிருந்தவர். ஆம்புலன்சும் மருந்துப் பெட்டிகளும் உடன் சென்றன. அடிமைப்பட்ட ஒரு நாடு, தாக்குண்ட மற்றொரு நாட்டுக்கு அனுப்பிய பொதி இது எனலாம்.

சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ் அப்போது 28 வயதை எட்டாதவர். சுங்கிங் நகரில், யெனானுக்குப் புறப்படுமுன், வீட்டிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்தது தந்தை இறந்த செய்தி. ஊர் திரும்பலாம் என்று உடனிருந்தோர் கூறினர். அவர் திரும்பவில்லை. 1939 பிப்ரவரியில் குழு யெனானை அடைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்கள் ஒவ்வொருவராக நாடு திரும்பினர். கோட்னிஸ் பெத்யூன் பணியாற்றிய எல்லைப்பகுதிக்கே சென்று, 1941 ஜனவரியில் பெத்யூன் பெயரால் அமைந்த சர்வதேச அமைதி மருத்துவமனையின் இயக்குநரானார்.

அதே மாதத்தில் கோமின்டாங் படைகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே மோதல் முற்றியது; முற்றுகை இறுகியது. அவ்வாண்டு டிசம்பரில் ஹாங்காங்கும் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இந்தியாவிலிருந்து ஒரு பொதி அங்கே போய்ச்சேரும் வழி ஏறத்தாழ முழுவதுமாக அடைபட்டது. பெத்யூனின் ஏக்கம் கோட்னிசுக்கும் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அவர் வேறொரு வழியை மேற்கொண்டார். சீனமொழியைப் பேசவும் படிக்கவும் கற்று, அம்மொழியிலேயே பாடம் நடத்தினார். சீனப்பெயரை ஏற்றார். 1941 நவம்பரில் உடன்பணியாற்றிய செவிலியர் குவோ சிங்லானை மணந்தார். 1942 ஆகஸ்டில் பிறந்த மகனுக்கு யின்ஹுவா என்று பெயரிட்டனர். யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா. வீட்டிலிருந்து எதுவும் வராதபோது அவர் அங்கேயே ஒரு வீட்டை அமைத்துக்கொண்டார். அதுவும் நீடிக்கவில்லை. 1942 டிசம்பர் 9-இல், 32-ஆம் வயதில், வலிப்பு நோயால் இறந்தார். குழந்தைக்கு அப்போது நான்கு மாதம்கூட நிறையவில்லை.

இந்தியாவில் அவர் புகழ் விரைவாகப் பரவியது. 1944-இல் கே.ஏ. அப்பாஸ் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1946-இல் சாந்தாராம் திரைப்படம் எடுத்தார். இங்கும் அதே கதைதான். மனிதருக்கு எட்டாத அன்பு அவருடைய நினைவுக்குத் தடையின்றி எட்டியது. முற்றுகையை யாரும் விலக்கியிருக்க முடியாது என்பது உண்மையே. அதனால்தான் கோட்னிசின் கதையில் நாம் யாரையும் குற்றங்கூறவில்லை. பெத்யூனின் கதையில் அவ்வளவு எளிதாக விட்டுவிட இயலவில்லை.

*

பிற்காலத்தில் தொண்டு அரசாங்கத் துறையாகவே ஆனபோது இதில் சில பாடங்கள் கற்கப்பட்டன. 1961 மார்ச் 1-ஆம் நாள் கென்னடி அமெரிக்க அமைதிப்படையைத் தொடங்கினார். தொண்டர்கள் அந்தந்த ஊர் மக்களின் தரத்திலேயே வாழவேண்டும், அமெரிக்க அலுவலர்களுக்குரிய தனிச்சலுகைக் கடைகளில் பொருள் வாங்கக்கூடாது என்பது விதி. ஆயினும் 1960-களில் தொண்டர்களுக்குப் புத்தகப் பெட்டி ஒன்றை அவ்வமைப்பே அனுப்பிவைத்தது. நாவல்களும் வரலாற்று நூல்களும் நிறைந்த, திறந்து நிறுத்தினால் அலமாரியாக மாறும் அட்டைப்பெட்டி. மின்விளக்கில்லாத இரவுகளில் தொண்டர்களுக்கு அதுவே துணை. பணி முடிந்து திரும்பும்போது பலர் அதனை ஊருக்கே விட்டுச்சென்றனர். புத்தகங்கள் இன்னும் எழுதப்படுகின்றனவா என்று பெத்யூன் மலையிலிருந்து கேட்ட கேள்விக்குக் கால்நூற்றாண்டு தாமதமாக வந்த விடை என்றே இதனைக் கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் ஏக்கத்தை வெளியே சொல்லலாகாது என்ற நிலை மட்டும் மாறவில்லை. 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாதான் நகரில் பயிற்சியிலிருந்த ஓர் அமெரிக்கப் பெண் தொண்டர், தாம் கண்ட வாழ்க்கை நிலையின் வறுமையை ஓர் அஞ்சலட்டையில் எழுதினார். தபாலில் சேருமுன் அட்டை கைதவறி விழுந்தது, ஒரு மாணவர் கையில் கிடைத்தது, படியெடுக்கப்பட்டுப் பரவியது, மாணவர் போராட்டம் மூண்டது, அவர் நாடு திரும்ப நேர்ந்தது. மாணவர்களின் சினத்தில் நியாயம் உண்டு. தம் வாழ்க்கை அடுத்தவர் வீட்டுக் கடிதத்தில் இரக்கத்துக்குரிய காட்சியாவதை யார் பொறுப்பார்? அதேவேளை, வீட்டுக்கு எழுதும் கடிதம் வீட்டுக்கு எழுதும் கடிதம்தான். உள்ளூர் மக்களோடு கலந்து வாழ்வதும் தாய்வீட்டை நினைத்து ஏங்குவதும் ஒரே நெஞ்சில் இருக்கும். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கையில் நமக்குத் தோன்றுவது இது. தொண்டர் ஒருவரை வழியனுப்பும்போது மாலையிடுகிறோம். இறந்தால் சிலை வைக்கிறோம். இடைப்பட்ட காலத்தில் அவருக்குச் சோப்பு இருக்கிறதா, படிக்க ஏதேனும் இருக்கிறதா, கையுறை இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. அவர்தான் தன்னலம் துறந்தவராயிற்றே என்ற எண்ணம் நம்மைக் கேட்கவிடாமல் தடுக்கிறது. அவர் துறந்தது அவருடைய நலத்தை. அதனை நாமும் துறந்துவிடவேண்டும் என்பதில்லை. தொண்டரின் தியாகத்தைக் காட்டித் தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்வது வீட்டிலிருப்போருக்கு மிக எளிது.

இன்றும் நம் மாணவர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள் தொலைநாடுகளுக்குத் தொண்டாற்றச் செல்கின்றனர். கைப்பேசியில் முகம்பார்த்துப் பேச முடிகிறது. தபால் தடைப்படுவது குறைவு. ஆனாலும் 'நன்றாக இருக்கிறேன், எதுவும் வேண்டாம்' என்று அவர்கள் சொல்லும்போது அதை அப்படியே நம்பிவிடாமல் இருப்பது நல்லது. பெத்யூன் 'வேண்டும்' என்று எழுதியே கிடைக்கவில்லை. எழுதாதவர்களின் நிலையை நாம்தான் எண்ணிப் பார்க்கவேண்டும். ஊறுகாயோ, புத்தகமோ, ஒரு நல்ல கடிதமோ, எதுவானாலும் அது உரிய காலத்தில் போய்ச் சேரட்டும்.